கீழ் வீட்டில் ஒழுகுது: பாத்ரூம் தரையை உடைக்கலாமா, மேலாகவே சரிசெய்யலாமா?

கீழ் வீட்டு சீலிங்கில் பெயிண்ட் உரிந்து, உப்புப் பூத்து, சொட்டத் தொடங்கிவிட்டால் மேல் வீட்டுக்காரருக்கு ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்பார் டைல்ஸ் கடைக்காரர். கீழேயிருந்து ஊசி போட்டால் நின்றுவிடும் என்பார் வாட்டர் ப்ரூஃபிங் காண்டிராக்டர். மொத்தமாக உடைத்தால்தான் தீரும் என்பார் கொத்தனார். இதற்கிடையே, ஒரு லிட்டர் பாட்டிலை வாங்கித் தரையில் ஊற்றினால் போதும் என்று போனில் ஒரு வீடியோ ஓடும். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு வழியும் பலிக்கிற பாத்ரூம் எங்கோ இருக்கத்தான் செய்கிறது. நம்முடையது அதுவா என்று பார்க்காமலே வேலையைத் தொடங்கிவிடுவதில்தான் பணம் போகிறது.

இங்கே எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டு அபார்ட்மெண்டுகளில் சாதாரணமாக இருக்கும் 5க்கு 8 அடி பாத்ரூம். தளம் சுற்றியுள்ள அறைகளைவிட 9 அங்குலம், சில கட்டடங்களில் 1 அடி, பள்ளமாகப் போடப்பட்டிருக்கும். இதைத்தான் சங்கன் ஸ்லாப் என்கிறோம். அந்தப் பள்ளத்தில் டிரெயின் பைப்புகளைப் படுக்கவைத்து, செங்கல் துண்டு, கட்டட ரப்பிஷ் எதையாவது கொட்டி நிரப்பி, மேலே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் நேராகக் கீழ் வீட்டுக்குப் போவதில்லை. முதலில் இந்த நிரப்பலில் ஊறித் தேங்கும். பல மாதம் தேங்கிய பிறகு, ஸ்லாபில் கான்கிரீட் சரியாக இறங்காமல் பொத்தலாக நின்ற இடம், பைப் துளை, சுவரும் ஸ்லாபும் சேரும் மூலை என எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வெளிவரும். அதனால் கீழே சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஷவர் பக்கம் இறங்கிய தண்ணீர் வாஷ்பேசின் பக்கம் சொட்டுவது சர்வசாதாரணம்.

வீடு கையில் கிடைத்து 5 வருடம் ஆகவில்லையா? அப்படியானால் எதையும் தொடுவதற்கு முன் பில்டருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், 14ஆம் பிரிவின்படி, அதன் கீழ் வரும் திட்டங்களில், ஒப்படைத்த தேதியிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையையும் வேலைத்தரக் குறையையும் 30 நாளுக்குள் செலவில்லாமல் சரிசெய்து தரவேண்டியது அவர்கள் பொறுப்பு. நீங்களே உடைத்துவிட்டால், முன்பு என்ன இருந்தது என்பதற்கான சாட்சியும் ரப்பிஷ் மூட்டையோடு போய்விடும்.

முதலில், எந்தத் தண்ணீர்?

பாத்ரூமில் மூன்று வகைத் தண்ணீர் உண்டு. குழாயில் அழுத்தத்தோடு வருவது, டிரெயினில் போவது, தரையில் விழுவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

குழாய்த் தண்ணீரை முதலில் கழித்துவிட வேண்டும். அந்த பாத்ரூமுக்கு வரும் கேட் வால்வை மூடிவிட்டு, கீழே சொட்டுவது நிற்கிறதா என்று பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது. சங்கன் ஸ்லாபில் இது ஏமாற்றும். உள்ளே தேங்கியது வடிய நான்கைந்து நாளுக்கு மேலும் ஆகலாம். வால்வை மூடியும் சொட்டுவதால் குழாயில் பழுதில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. பிளம்பரைக் கூப்பிட்டு கைப்பம்ப் டெஸ்ட் போடச் சொல்லுங்கள். கீசரைக் கழற்றி இரண்டு முனையிலும் டம்மி போட்டு, எல்லாக் குழாயையும் மூடி, சிபிவிசி (பிளாஸ்டிக்) லைனில் 5 அல்லது 6 கிலோ அழுத்தம் ஏற்றி 1 மணி நேரம் விடவேண்டும். மீட்டரின் முள் இறங்கினால் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ லைன் கசிகிறது. பழைய ஜி.ஐ. (இரும்பு) பைப் என்றால் இவ்வளவு ஏற்றக் கூடாது; துருப்பிடித்த இடம் அந்த டெஸ்டிலேயே விட்டுக்கொள்ளும்.

லைன்தான் கசிகிறது என்று தெரிந்தால் இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்குத் தேவைப்படாமலே போகலாம். சுவருக்குள் புதைந்த கன்சீல்டு லைனை இரு முனையிலும் அடைத்துக் கைவிட்டு, சுவர் மேலாகவே புது லைன் ஓட்டிவிடலாம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் பெரும்பாலும் ஒரு நாள் வேலை, டைல்ஸ் உடையாது.

அடுத்தது டிரெயின். இரண்டு மூன்று நாள் அந்த பாத்ரூமில் குளிப்பதை நிறுத்தித் தரையைக் காயவிடுங்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் கேசரிப் பவுடரை நன்றாகக் கலக்கி, தரையில் ஒரு சொட்டும் சிந்தாமல், ஒரு டியூபைத் தரைத் தண்ணீர் வடிந்து இறங்கும் நானி டிராப்புக்குள் விட்டு அதன் வழியாக ஊற்றுங்கள். நான்கைந்து வாளி போகட்டும். ஃபிளஷ் டேங்கில் வேறு ஒரு நிறத்தைப் போட்டு, இன்னொரு நாள் அதையும் பாருங்கள். கீழே நிறம் தெரிந்தால் டிராப் அல்லது பைப் ஜாயிண்ட் என்பது உறுதி. தெரியாவிட்டால் டிரெயின் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நிரப்பலில் இருக்கும் செங்கலும் மண்ணும் நிறத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் நிறத்தைவிடச் சொட்டின் வேகத்தைக் கவனியுங்கள். ஊற்றிய சில மணி நேரத்தில் கீழே சொட்டு கூடினால் அதுவே போதுமான சாட்சி.

கடைசியாகத் தரை. டிராப்பை ரப்பர் டெஸ்ட் பிளக்கால் அடைக்கவேண்டும். அது கிடைக்காவிட்டால் பாலிதீன் பையில் சுற்றிய துணி உருண்டையால் அடைத்து, சுற்றிலும் களிமண் அப்பலாம். வாசல்படி ஓரத்திலும் களிமண்ணால் ஒரு வரப்பு கட்டி, 1 அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். 5க்கு 8 அடிக்கு ஏறத்தாழ 95 லிட்டர் பிடிக்கும். சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடவேண்டும். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் மட்டம் குறித்துக்கொள்ளுங்கள். வாளியில் இறங்கிய அளவு காற்றில் போனது. தரையில் அதைவிடக் கூடுதலாக இறங்கியது கசிந்தது. இந்த வாளியை வைக்காமல் "தண்ணி கொஞ்சம் குறைஞ்சிருக்கு சார்" என்று சொல்லி முழு பாத்ரூமையும் உடைக்கவைப்பதும் நடக்கிறது. டெஸ்ட் நடக்கும்போது கீழ் வீட்டில் அந்த இடத்து லைட்டின் எம்.சி.பி.யை இறக்கிவைக்கச் சொல்லிவிடுங்கள்.

நிறுத்திய தண்ணீர் இறங்கவில்லை, ஆனால் ஷவரில் குளித்தால் கீழே சொட்டுகிறது என்றால் குறை சுவரில். ஷவர், மிக்சர் குழாய்கள் சுவரிலிருந்து வெளிவரும் துளைகளின் பளபளப்பான மூடிகளைக் கழற்றிப் பாருங்கள். அதற்குப் பின்னால் ஒரு எலி நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். பியூ சீலண்ட் எனும், ரப்பர்போல் இறுகும் பாலியூரித்தேன் பசை ஒரு டியூபில் முடிகிற வேலை.

டிராப்பும் டைல்ஸ் இடுக்கும்: மலிவான வழி, பலிக்கும் நிபந்தனை

தரைதான் கசிகிறது என்று தெரிந்தாலும் உடனே உடைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் தண்ணீர் இறங்குவது இரண்டு இடத்தில்: டிராப்பின் வாயை மூடும் சல்லடையான ஜாலியைச் சுற்றியுள்ள வளையம், டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே கிரவுட் (இடுக்கை அடைக்கும் கலவை) போன இடுக்கு.

ஜாலியைப் பெயர்த்துப் பார்த்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். டிராப்பின் கழுத்து ஓரிடத்தில் நிற்கும், டைல்ஸை வெட்டிய துளை அதைவிட அகலமாக இருக்கும், நடுவில் கையால் அள்ளிப் போட்ட சிமெண்ட் உதிர்ந்து மண்ணாகிக் கிடக்கும். பி.வி.சி.யில் சிமெண்ட் ஒட்டாது. குளிக்கிற தண்ணீர் முழுவதும் வாட்டத்தின் வழியே இந்த வளையத்தைத் தேடித்தான் வருகிறது. உதிர்ந்ததை ஒன்றரை, 2 அங்குல ஆழம் வரை சுரண்டி எடுத்துக் காயவிட்டு, லேடெக்ஸ் கலந்த சிமெண்ட் பாலைத் தடவி, சுருங்காத கிரவுட் அல்லது பாலிமர் கலந்த கலவையை இறுக்கி அடைக்க வேண்டும். பி.வி.சி. கழுத்தைச் சுற்றி 5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அது காய்ந்தபின் அந்த இடைவெளியில் பியூ சீலண்ட் போட்டு, எபாக்ஸிப் பசை வைத்துப் புது ஜாலியைப் பதிக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்ய அரை நாள், காய 2 நாள்.

அதன்பின் இடுக்குகள். வெள்ளை சிமெண்டோ சாதாரண சிமெண்ட் கிரவுட்டோ போட்ட தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவுகிற வழக்கம் இருந்தால் இரண்டு மூன்று வருடத்தில் இடுக்கு காலியாகிவிடும். கடையில் பாட்டிலில் விற்கும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக். சிமெண்டைத் தின்பது அதன் இயல்பு. போர் தண்ணீரின் உப்புக்கறை போகிறதே என்று ஊற்றுகிறோம், கறையோடு கிரவுட்டும் போகிறது. இதற்கு மாற்று, ரெசின், ஹார்டனர், பவுடர் மூன்றையும் கலந்து இறுகவைக்கும் எபாக்ஸி கிரவுட்.

எபாக்ஸி கிரவுட் பழைய கிரவுட்டின் மேலே பூசுகிற சமாச்சாரம் கிடையாது. 4 இஞ்ச் கட்டிங் மெஷினில் மெல்லிய டைமண்ட் பிளேடு போட்டு, இடுக்கை 3 மில்லிமீட்டர் அகலத்துக்கும், 8 மில்லிமீட்டர் டைல்ஸ் என்றால் 5 அல்லது 6 மில்லிமீட்டர் ஆழத்துக்கும் திறக்க வேண்டும். ஸ்பேசர் இல்லாமல் ஒட்ட ஒட்டப் பதித்த பழைய தரைகளில் இதைத் தவிர்க்கவே முடியாது. வெறும் கோடு போன்ற இடுக்கில் எபாக்ஸி இறங்காது. தூசியை வேக்குவம் போட்டு எடுத்துவிட்டு, ஃபேன் வைத்து 2 நாள் காயவிடுங்கள். டைல்ஸ் 300க்கு 300 மில்லிமீட்டர் என்றால் இந்தத் தரைக்கு 1 கிலோ பேக் போதும். சுவரின் அடிவரிசையையும் சேர்த்தால் இரண்டு வாங்குங்கள்.

ரெசினையும் ஹார்டனரையும் முதலில் நன்றாகக் கலந்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பவுடரைச் சேர்க்க வேண்டும். மூன்றையும் ஒரே நேரத்தில் கொட்டிக் கலக்கினால் ஓரிடம் கல்லாகும், இன்னோரிடம் பிசுபிசுவென்று நிற்கும். பாக்கெட்டில் 45 நிமிடம் வேலைசெய்யலாம் என்று போட்டிருந்தாலும் மே மாத வெயிலில் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். பேக்கில் உள்ள மூன்றையும் எடைபார்த்து இரண்டாகப் பிரித்து, ஒரு நேரத்தில் பாதியை மட்டும் கலந்துகொள்ளுங்கள், கண்ணளவு வேண்டாம். டைல்ஸ் மேல் படிந்ததை அரை மணி நேரத்துக்குள் ஈர ஸ்கிரப்பரால் எடுத்துவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பிளேடால் சுரண்டவேண்டியிருக்கும். கைக்குக் கிளவுஸ் அவசியம், ரெசின் தோலில் பட்டால் சிலருக்குத் தடித்துப் புண்ணாகும். 24 மணி நேரத்தில் நடக்கலாம். தண்ணீர் விட 3 நாள், ஆசிட் போன்ற கெமிக்கல் பட 7 நாள் ஆகவேண்டும்.

தரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் எபாக்ஸியை நிரப்பாதீர்கள். இரண்டும் தனித்தனியாக அசையும் பரப்புகள். கல்போல இறுகும் எதுவும் அங்கே விரிசல் விடும். அந்த ஓரம் முழுக்க பியூ அல்லது பாத்ரூம் சிலிகான் சீலண்ட்.

இந்த வழி பலிக்க நிபந்தனை ஒன்று உண்டு. சங்கன் நிரப்பல் காய்ந்திருக்கவேண்டும், அல்லது காயக்கூடிய நிலையில் இருக்கவேண்டும். இடுக்கைத் திறந்த பிறகு ஒன்றரை அடி சதுர பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, ஓர் இரவு விடுங்கள். காலையில் ஷீட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் கீழே ஈரம் அதிகம். இன்னும் ஒரு வாரம் காயவிட்டுப் பார்க்கலாம். அப்போதும் நின்றால் எபாக்ஸி ஒட்டாது, ஒட்டினாலும் உள்ளே இருப்பது கீழே சொட்டிக்கொண்டேதான் இருக்கும்.

நடுவில் நிற்கும் மூன்று வழிகள்

பாட்டில் திரவத்தில் தொடங்குவோம். ஒளி ஊடுருவும், நிறமில்லாத இந்த சீலர்களில் பெரும்பாலானவை சிமெண்டின் நுண்துளைகளுக்குள் போய்த் தண்ணீரை ஒட்டவிடாமல் செய்பவை. மயிரிழைத் துளைக்குச் சரி. விரிசலின் மேல் பாலம்போல் நிற்கும் சக்தி அவற்றுக்கு இல்லை, தண்ணீர் தேங்கும் இடத்திலும் தாங்காது. டைல்ஸின் மேல்பரப்பு வழுவழுப்பானது என்பதால் அங்கே ஊற்றியதெல்லாம் வீண். வாடகை வீட்டில் இரண்டு மாதம் ஓட்டவேண்டும் என்றால் வாங்குங்கள்; அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது டைல்ஸ் மேல் டைல்ஸ். ஒழுக்குக்காக அதிகம் விற்கப்படுவது இதுதான், எங்கள் கணிப்பில் ஒழுக்குக்காக மிகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான். ஒழுகாத பழைய பாத்ரூமைப் புதுசாக்க நல்ல முறை. ஆனால் தேங்கிய தண்ணீரை உள்ளே வைத்து மேலே மூடினால் அது காயும் வழியும் அடைபடும். அடுத்த அறையின் சுவர் அடியில் ஓதம் ஏறி, அலமாரியின் பின்பலகை உப்புவது அப்புறம்தான் தெரியும். உயரக் கணக்கும் இருக்கிறது. டைல்ஸும் பேஸ்டும் சேர்ந்து 12 முதல் 15 மில்லிமீட்டர் ஏறும். அதனால் கதவின் அடியை அறுக்கவேண்டும், வாசல்படிக்கும் தரைக்கும் இருந்த இறக்கம் குறையும், ஜாலியை உயர்த்தவேண்டும். ஜாலியை உயர்த்தும்போது பழைய வளையம் அப்படியே அடியில் மறைந்துவிடும், அதாவது ஒழுகின இடமே மறைந்துவிடும்.

அப்படியும் இதைத்தான் செய்வதென்றால் முதலில் டிராப் வளையத்தை மேலே சொன்னபடி சரிசெய்யுங்கள். ஒரு நாணயத்தால் எல்லா டைல்ஸையும் தட்டிப் பார்த்து, டொக்கென்று வெற்றொலி வருவதைப் பெயர்த்து நிரப்புங்கள். பழைய பளபளப்பை மெஷினால் சொரசொரப்பாக்கி, அதற்கான பிரைமர் அடித்து, இரண்டு கோட் பாலிமர் சிமெண்ட் கோட்டிங் போட்டு, ஒருமுறை தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டு, டைல்ஸ் மேல் ஒட்டுவதற்கென்றே உள்ள பேஸ்டில் ஒட்டுங்கள். வெறும் சிமெண்டுப் பால் ஊற்றி ஒட்டினால் சீக்கிரமே கழன்றுவரும்.

மூன்றாவது, கீழிருந்து ஊசி. கீழ் வீட்டு சீலிங்கில் விரிசலின் இருபுறமும் மாறி மாறி, அரை அடி முதல் 1 அடி இடைவெளியில், சாய்வாகத் துளையிட்டு பேக்கர் எனும் நிப்பிள்களை இறுக்கி, பம்பால் பாலியூரித்தேன் திரவத்தை ஏற்றுவார்கள். அது தண்ணீரைத் தொட்டதும் நுரைத்துப் பெருகி வழியை அடைக்கும். துளை நேராக விரிசலில் போடக் கூடாது. பக்கத்திலிருந்து 45 டிகிரி சாய்வில், ஸ்லாபின் பாதி ஆழத்தில் விரிசலை வெட்டுமாறு போகவேண்டும். கம்பியும், சீலிங்குக்குள் ஓடும் எலக்ட்ரிக் பைப்பும் எங்கே என்று டிடெக்டர் வைத்துப் பார்த்த பிறகே டிரில் எடுக்கச் சொல்லுங்கள். திரவத்திலும் இரண்டு வகை உண்டு. காய்ந்தால் சுருங்குகிற வகையை பாத்ரூமுக்குப் போட்டால், ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து குளிக்கும்போது மறுபடி ஒழுகும். தண்ணீரை விலக்கும், சுருங்காத வகை வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

ஊசியால் நிற்பது கீழ் வீட்டுச் சொட்டு மட்டும். மேலிருந்து தண்ணீர் இறங்குவது நிற்காது, நிரப்பல் குளமாகவே இருக்கும், ஸ்லாபின் கம்பி ஈரத்திலேயே கிடக்கும். இரண்டடி தள்ளி வேறு வழி திறந்துகொள்வதுதான் வழக்கமான முடிவு. மேல் வீடு பூட்டிக்கிடக்கிறது, அல்லது மேல் வீட்டுக்காரர் மசியவில்லை என்ற நிலையில் கீழ் வீட்டுக்காரருக்கு வேறு கதியில்லாதபோது சரி. பைப் ஸ்லாபைத் துளைத்து வரும் ஓட்டையைச் சுற்றி மட்டும் கசிந்தாலும் சரி. அப்போதும் முதலில் பள்ளமான இடத்தில் ஒரே ஒரு துளை போட்டு, தேங்கியிருப்பதை ஒரு டியூபில் வாளிக்கு வடியவிடுங்கள். நாள்கணக்கில் வடியும். வாளி வாளியாக வந்தால் அதுவே ஒரு செய்தி: மேலே உடைக்காமல் தீராது.

உடைப்பதென்றால் ஸ்லாப் வரை

தண்ணீர் நிறுத்தியபோது மட்டமும் இறங்குகிறது, பாலிதீன் ஷீட்டின் அடியிலும் ஈரம் நிற்கிறது; அல்லது டிரெயின் ஜாயிண்ட் விட்டிருக்கிறது. இந்த நிலைகளில் உடைப்பதுதான் சிக்கனம். எபாக்ஸி வழியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் செலவாகும், 15 முதல் 20 நாள் பாத்ரூம் போய்விடும். வீட்டில் ஒரே பாத்ரூம் என்றால் முதலில் அதற்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் எதுவும் லேசில் காயாது. பிப்ரவரியிலிருந்து மே வரை நல்ல காலம்.

டிரெயின் ஜாயிண்ட் மட்டும்தான் குறை, தரை காய்ந்திருக்கிறது என்று டெஸ்டில் தெளிவாகத் தெரிந்தால் அந்த இடத்தில் 2க்கு 2 அடி மட்டும் உடைத்து மாற்றலாம். புது வாட்டர் ப்ரூஃபிங் கோட்டிங் பழைய கோட்டிங்கின் மேல் குறைந்தது 4 அங்குலம் ஏறி நிற்கவேண்டும். பழைய கோட்டிங்கே இல்லை என்று அப்போது தெரிந்தால், முழுவதும் உடைப்பதைப் பற்றி அன்றைக்கே முடிவெடுங்கள்.

முழு உடைப்பில் முதல் பேரம் ரப்பிஷ். 40 சதுர அடிக்கு 9 அங்குலம் என்றால் 30 கன அடி. உடைத்து அள்ளும்போது அது 40, 45 ஆகும். ஐம்பது அறுபது சாக்கு மூட்டை. எத்தனையாவது மாடி, லிஃப்டில் ஏற்ற அசோசியேஷன் விடுமா, வண்டி யார் பொறுப்பு என்பதெல்லாம் முதல் நாளே பேசாவிட்டால் பாதி வேலையில் தகராறு வரும். பெரிய பிரேக்கர் வேண்டாம், சிறியதே போதும். நிரப்பலைக் கையால்தான் அள்ளவேண்டும், அடியில் ஸ்லாப் இருக்கிறது. எடுத்த ரப்பிஷையே கழுவித் திரும்பக் கொட்டலாம் என்று சொல்வார்கள். உப்பும் சுண்ணாம்பும் ஊறிய குப்பை அது, ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஸ்லாப் தெரிந்ததும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, பொத்தல்களையும் பைப் துளைகளையும் சுருங்காத கிரவுட்டால் அடைக்க வேண்டும். பி.வி.சி.யில் சிமெண்ட் ஒட்டாது என்று சொன்னோமே, அதற்கு ஒரு கைவேலை உண்டு: பைப்பின் வெளிப்புறத்தில் சால்வெண்ட் சிமெண்ட் (பி.வி.சி. பசை) தடவி, அது காய்வதற்குள் மணலைத் தூவிவிடுவது. சொரசொரப்பான அந்தப் பரப்பைக் கலவை கவ்விப் பிடிக்கும். சுவரும் ஸ்லாபும் சேரும் மூலை முழுவதும் 2 அங்குலத்துக்கு வளைவாகக் கலவை ஓட்டுங்கள். செங்கோண மூலையில் கோட்டிங் மெலிந்து கிழியும்.

கோட்டிங் இரண்டு முறை வேண்டும், ஸ்லாபில் ஒன்று, நிரப்பல் முடிந்த மேல்தளத்தில் இன்னொன்று. பெரும்பாலான வேலைகளில் கீழ்க் கோட்டிங் மட்டும் போட்டுவிட்டு வாட்டர் ப்ரூஃபிங் முடிந்தது என்கிறார்கள். கீழே மட்டும் போட்டால் நிரப்பல் மறுபடி தண்ணீர்த் தொட்டி ஆகும், கோட்டிங்கில் ஊசிமுனைக் குறை இருந்தாலும் பழைய கதைதான். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் மேலே உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். உண்மையில் இரண்டுக்கும் பொருள் செலவு சொற்பம். இரு பாகப் பாலிமர் சிமெண்ட் கோட்டிங் இரண்டு கோட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.8 கிலோ என்று வைத்தால், கீழே ஸ்லாபும் தரைமட்டத்துக்கு மேல் 1 அடி வரை சுவரும் சேர்த்து 8 சதுர மீட்டர், 15 கிலோ. மேலே தரையும் 1 அடி சுவரும் 6 சதுர மீட்டர், 11 கிலோ. ஷவர் பக்கச் சுவருக்கு 6 அடி உயரம் போகவேண்டும், அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். மூலைகளிலும் பைப்பைச் சுற்றியும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் மெஷ்ஷைப் பதியவைத்து, இரண்டாவது கோட்டைக் குறுக்காக இழுக்கவேண்டும். சீக்கிரம் உலரட்டும் என்று தண்ணீரைக் கூட்டிக் கலந்தால் படலம் பொடிந்துவிடும்.

கடைசிக் கோட்டுக்கு 3 நாள், டப்பாவில் 7 என்று போட்டிருந்தால் 7 நாள் கழித்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்துங்கள். கீழ் வீட்டுக்காரரையே வந்து பார்க்கச் சொல்லி, தேதி தெரியும்படி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கிப் பணத்தில் ஒரு பங்கை இந்த டெஸ்ட் முடியும்வரை கையில் வைத்திருப்பது நல்லது.

நிரப்பலுக்கு ஏ.ஏ.சி. எனும் எடைகுறைந்த பிளாக் துண்டுகள் அல்லது நுரை கான்கிரீட். செங்கல் ஜல்லியைவிட எடை ஏறத்தாழ பாதிதான். நிரப்புமுன் ஸ்லாபின் தாழ்ந்த மூலையில் ஒன்றேகால் இஞ்ச் பைப் ஒன்றை வைத்து, வாயில் வலை கட்டி, பைப்புகள் இறங்கும் டக்ட் பக்கம் வெளியே விட்டுவிடுங்கள். என்றைக்காவது அந்தப் பைப்பில் சொட்டு தெரிந்தால் மேல் கோட்டிங் விட்டுவிட்டது என்று கீழ் வீட்டுக்குப் போகுமுன்னே உங்களுக்குத் தெரிந்துவிடும். மேல் கலவையிலேயே வாட்டம் கொடுத்துவிட வேண்டும், டைல்ஸ் ஒட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றால் கோட்டிங்கின் மேல் தண்ணீர் நிற்கும். 80க்கு 1 என்றால் 8 அடி நீளத்துக்கு 30 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம் இறக்கம். இந்த வாட்டத்தின் மேல் இரண்டாவது கோட்டிங். அது வாசல்படி கிரானைட்டின் அடிவரை போய் மேலே திரும்பி நிற்கவேண்டும். படியைப் பதித்த பிறகு அதன் ஓரம்வரை மட்டும் பூசுவதால்தான் பல வீடுகளில் பெட்ரூம் தரையில் ஓதம் வருகிறது. மறுபடி ஒருமுறை தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டு, 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்து டைல்ஸ், எபாக்ஸி கிரவுட், மூலைக்கு சீலண்ட்.

எதை எடுப்பது

டெஸ்டுகளுக்கு ஒரு வாரம் ஆகும், செலவு பிளம்பர் கூலியும் கேசரிப் பவுடரும். நிறுத்திய தண்ணீர் மெதுவாக இறங்குகிறது, ஷீட்டின் அடி காய்ந்திருக்கிறது, பைப்பில் குறையில்லை என்றால் டிராப் வளையமும் எபாக்ஸியும் போட்டு மூன்று மாதம் பாருங்கள். தோற்றாலும் பெரிய நஷ்டமில்லை. அடி ஈரமாக இருந்தால், அல்லது கீழ் சீலிங்கில் கம்பி தெரிய கான்கிரீட் உதிர்ந்திருந்தால் ஸ்லாப் வரை உடைக்கலாம். வீட்டுக்கு 15 வயதுக்கு மேல், டிரெயின் பைப்பும் பழசு என்றாலும் எங்கள் ஓட்டு உடைப்புக்கே. நடுவில் உள்ள மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முயன்றுவிட்டுக் கடைசியில் உடைப்பவர்கள், உடைக்கும் செலவில் கணிசமான பங்கை அதற்கு முன்பே கொடுத்துவிட்டிருப்பார்கள்.

மேலே வேலை முடிந்த மறுநாளே கீழ் வீட்டு சீலிங்கில் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கவேண்டாம். ஸ்லாபின் ஈரம் வெளியேற மூன்று நான்கு வாரமாவது தேவை. அதுவரை உப்பிய பூச்சைத் தட்டி எடுத்துவிட்டுத் திறந்தே வையுங்கள். துருப்பிடித்த கம்பியைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து துருத்தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் கலவையால் பூசி, அது காய்ந்தபின் பெயிண்ட். கம்பி சுரண்டச் சுரண்ட மெலிந்து, கால் பங்கு தடிமன் போய்விட்டதுபோல் தெரிந்தால் பூச்சு வேலையை நிறுத்திவிட்டு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.